ட்ரீம்காஸ்ட்: தோற்றும் மறக்கப்படாத கன்சோல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செகா நிறுவனத்தின் ட்ரீம்காஸ்ட் கேம் கன்சோலைப் பற்றி நான் பேச்செடுத்தால் கேட்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சிக்கு அந்தப் பெயரே தெரியாது. இன்னொரு கட்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடும்; பேச்சு முடிய நள்ளிரவாகும். இரு தரப்பும் கேட்கும் கேள்விகள் என்னவோ திரும்பத் திரும்ப அதே பதினேழுதான். எழுதி வைத்துவிட்டால் என் தொண்டைக்கு ஓய்வு.

ட்ரீம்காஸ்ட் என்றால் என்ன? பெயரே கேள்விப்பட்டதில்லையே.

ஜப்பானின் செகா நிறுவனம் கடைசியாகத் தயாரித்த வீட்டு கேம் கன்சோல். 1998 நவம்பர் 27 அன்று ஜப்பானிலும், 1999 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவிலும், அடுத்த மாதம் ஐரோப்பாவிலும் வெளிவந்தது. வெள்ளை நிறத்தில், கையடக்கமான சதுரப் பெட்டி. முன்பக்கத்தில் நான்கு கன்ட்ரோலர்களைச் செருகலாம். மூடியின் மேல் ஒரு சுழி. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அது ஆரஞ்சு, ஐரோப்பாவில் நீலம்.

2001 ஜனவரி 31 அன்று, மார்ச் மாதத்தோடு உற்பத்தியை நிறுத்தப்போவதாகச் செகா அறிவித்தது. ஜப்பானில் இரண்டேகால் ஆண்டு, அமெரிக்காவில் ஒன்றரை ஆண்டு. இவ்வளவுதான் அதன் ஆயுள்.

தொண்ணூறு லட்சம் விற்றதாகப் படித்தேன். அதுவா தோல்வி?

சரியாகச் சொன்னால் 91.3 லட்சம். தனியாகப் பார்த்தால் பெரிய எண்தான். பக்கத்தில் மற்றவர்களை நிறுத்திப் பாருங்கள்: அதே தலைமுறையைச் சேர்ந்த சோனியின் பிளேஸ்டேஷன் 2 சுமார் 16 கோடி விற்றது. மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸ் சுமார் 2.4 கோடி. ‘சரியாகப் போகவில்லை’ என்று பேசப்பட்ட நின்டெண்டோ கேம்க்யூப்கூட 2.17 கோடி.

கன்சோல் வியாபாரத்தில் பெட்டியைக் குறைந்த விலைக்கு, சில நேரம் கைநட்டத்துக்கே விற்று, கேம்களில் லாபம் எடுப்பது வழக்கம். அதற்குப் பெட்டிகள் ஏராளமான வீடுகளில் இருந்தாக வேண்டும். அந்த அளவை எட்டுவதற்குள் செகாவின் பணப்பை காலியாகிவிட்டது.

அப்படியானால் கன்சோலில் ஏதோ பெரிய குறை இருந்திருக்க வேண்டுமே?

குறைகள் உண்டு, பின்னால் வருகிறேன். ஆனால் தோற்றதற்குக் காரணம் இந்தப் பெட்டிக்குள் இல்லை, இதற்கு முன்னால் செகா விற்ற பெட்டிகளில் இருக்கிறது. மெகா டிரைவ் என்ற வெற்றிகரமான கன்சோலுக்குச் செகா முதலில் ஒரு குறுவட்டுத் துணைக்கருவியை விற்றது. பிறகு 1994 கடைசியில் 32எக்ஸ் என்ற இன்னொரு துணைக்கருவி. அதை வாங்கியவர்கள் பிரித்துப் பொருத்தி முடிப்பதற்குள், சாட்டர்ன் என்ற புதிய கன்சோல் வந்து 32எக்ஸை அநாதையாக்கியது.

சாட்டர்ன் வந்த விதமோ இன்னும் மோசம். 1995 செப்டம்பரில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சி மேடையில் ஏறி, ‘இன்றே கடைகளில் கிடைக்கும், விலை 399 டாலர்’ என்று அறிவித்தார்கள். குறிப்பிட்ட சில கடைகளுக்கு மட்டுமே சரக்கு போயிருந்தது, விடுபட்டவர்களுக்குக் கோபம். கேம் தயாரிப்பாளர்களின் வேலையும் முடிந்திருக்கவில்லை. அதே கண்காட்சியில் சோனியின் ஆள் ஒருவர் மேடையேறி ‘299’ என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு இறங்கினார். பிளேஸ்டேஷனின் விலை அது. அரங்கம் கைதட்டியது.

ஆகவே 1999இல் ட்ரீம்காஸ்ட் வந்தபோது கடைக்காரர், வாங்குபவர், கேம் தயாரிப்பவர் மூவருமே சூடு கண்ட பூனைகள். ‘இதையும் இரண்டு வருடத்தில் கைவிட்டால் என்ன செய்வது?’ என்று தயங்கினார்கள். அவர்கள் பயந்தபடியே நடந்தது என்பதுதான் கசப்பு.

எடுத்த எடுப்பிலேயே படுத்துவிட்டதா?

இல்லை. அமெரிக்காவில் முதல் 24 மணி நேரத்தில் 2,25,000க்கும் மேற்பட்ட கன்சோல்கள் விற்றன. கேம்களோடு சேர்த்து 9.84 கோடி டாலர் வரவு. பதினெட்டு கேம்கள் முதல் நாளே கிடைத்தன. விலையும் 199 டாலர்தான்.

ஜப்பானில்தான் தொடக்கமே தடுமாற்றம். கிராஃபிக்ஸ் சில்லுகள் போதிய அளவு தயாராகவில்லை, அதனால் கன்சோலுக்குத் தட்டுப்பாடு. வெளியீட்டு நாளில் கிடைத்தவை நான்கே கேம்கள். செகாவின் அடையாளமான நீல முள்ளெலி சோனிக் ஓடும், எல்லோரும் காத்திருந்த சோனிக் அட்வென்ச்சர் கேம் ஒரு மாதம் கழித்தே வந்தது. விளம்பரங்களிலும் செகா தன்னையே கிண்டலடித்துக்கொண்டது. ‘செகா ஆடவே சகிக்காது, பிளேஸ்டேஷன்தான் ஜோர்’ என்று இரண்டு சிறுவர்கள் பேசிக்கொண்டு போவதை நிறுவனத்தின் இயக்குநர் யுகாவாவே ஒட்டுக்கேட்டு நொந்துபோவார். எல்லோரும் சிரித்தார்கள். விற்பனை போதவில்லை.

பிளேஸ்டேஷன் 2தான் இதைக் கொன்றது என்கிறார்களே?

பெரும்பாலும் சரி. ஆனால் கொன்றது வந்து சேர்ந்த பிளேஸ்டேஷன் 2 மட்டுமல்ல; ‘வரப்போகிறது’ என்ற பேச்சே பாதி வேலையை முடித்துவிட்டது. 2000 மார்ச்சில் ஜப்பானிலும் அக்டோபரில் அமெரிக்காவிலும்தான் அது கடைக்கு வந்தது. அதற்கு முன்பே, ‘கொஞ்சம் பொறுத்து அதையே வாங்கிக்கொள்ளலாம்’ என்று மக்கள் பணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அதில் டிவிடி படமும் பார்க்கலாம். தனி டிவிடி பிளேயர்களே விலை உயர்ந்திருந்த காலத்தில், ‘வீட்டுக்கும் உபயோகம்’ என்று பெற்றோரைச் சம்மதிக்கவைக்கப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல வாதம் வேறு கிடைக்குமா?

இன்னொரு அடி, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ட்ரீம்காஸ்டுக்கு ஒரு கேம்கூடத் தரவில்லை என்பது. விளையாட்டுப் போட்டி கேம்களில் அவர்கள்தான் ராஜா. வேறு வழியில்லாமல் செகா விஷுவல் கான்செப்ட்ஸ் என்ற நிறுவனத்தை வாங்கிச் சொந்தமாகவே அத்தகைய கேம்களைத் தயாரித்தது. இன்றுவரை ஆண்டு தவறாமல் வரும் என்பிஏ 2கே கூடைப்பந்துத் தொடர் அப்படி 1999இல் ட்ரீம்காஸ்டில் பிறந்ததுதான். இன்று அதை ஆடுபவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது என்று பந்தயம் கட்டுவேன்.

திருட்டு நகல்தான் கவிழ்த்தது என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

நண்பர் பாதி சரி. ட்ரீம்காஸ்ட் கேம்கள் ஜிடி-ராம் என்ற தனி வகை டிஸ்க்கில் வந்தன. கொள்ளளவு ஏறத்தாழ 1 ஜிபி. சாதாரண கணினியால் அதைப் படிக்க முடியாது, நகலெடுக்கவும் முடியாது. கோட்டை மதில் உயரமாகத்தான் இருந்தது. ஆனால் பின்வாசலைத் திறந்து வைத்திருந்தார்கள். படங்களும் இணைய வசதியும் சேர்ந்த இசைத்தட்டுகளுக்காக மில்-சிடி என்ற வடிவத்தையும் கன்சோல் ஏற்றுக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். அந்த வடிவத்தில் வந்த இசைத்தட்டுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2000ஆம் ஆண்டின் நடுவில் அந்த வாசல் வழியே நகல் கேம்கள் நுழைந்தன. கன்சோலைத் திறந்து எதையும் மாற்ற வேண்டாம். எழுதிய குறுவட்டைப் போட்டாலே ஓடும். பிற்பாடு தயாரான கன்சோல்களில் செகா அந்த வாசலை அடைத்தது. அதற்குள் நேரம் கடந்துவிட்டது.

ஆனால் நகல் பரவத் தொடங்கியபோது செகா ஏற்கெனவே கடனில் மூழ்கியிருந்தது. அதே நகல் தொல்லையோடு முதல் பிளேஸ்டேஷன் பத்துக் கோடி விற்றதே. இந்தப் பின்வாசலை நினைவில் வையுங்கள். கதையின் பிற்பகுதியில் அது வேறு வேடத்தில் வரும்.

அதில் அப்படி என்ன புதுமை?

ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா மூன்றிலும் மோடத்தோடே விற்கப்பட்டது. தொலைபேசிக் கம்பியைச் செருகி வேறு ஊரில் இருப்பவரோடு ஆடலாம். 1999இல் இது சாதாரண விஷயமில்லை. 2000 டிசம்பரில் வந்த ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைன் கேமில் வெவ்வேறு நாட்டுக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து வேட்டைக்குப் போனார்கள். பாஷை? பட்டியலிலிருந்து சொற்களைத் தேர்ந்தெடுத்து வாக்கியம் அமைத்தால், எதிரில் இருப்பவருக்கு அது அவருடைய மொழியில் தெரியும். ஜப்பானியர் ‘உதவுங்கள்’ என்றால் ஜெர்மன்காரர் திரையில் ஜெர்மனில் வரும்.

தனி இணைப்பு ஒன்றை வாங்கினால் கணினித் திரையிலும் ஆடலாம். படம் கண்ணாடிபோல் துல்லியம். அந்தக் காலத் தொலைக்காட்சியின் மங்கலுக்குப் பழகிய கண்ணுக்கு அது தனி விருந்து.

மெமரி கார்டிலேயே திரை இருந்ததாமே? எதற்கு?

ஆட்டத்தைச் சேமிக்கும் அந்த கார்டை வி.எம்.யூ. என்பார்கள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பொருள். 48-க்கு 32 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரை, ஒரு திசைப் பொத்தான், இரண்டு விளையாட்டுப் பொத்தான்கள். கன்ட்ரோலரின் நெஞ்சில் செருகினால், அங்கே வெட்டியிருக்கும் சன்னல் வழியே அந்தத் திரை எட்டிப் பார்க்கும். திகில் கேமில் உங்கள் உடல்நிலை அதில் தெரியும். அமெரிக்கக் கால்பந்தில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் வியூகம் உங்கள் கையில் மட்டும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எதிராளி எட்டிப் பார்த்தால்தான் உண்டு. சோனிக் அட்வென்ச்சரில் நீங்கள் வளர்க்கும் குட்டி உயிரை அதில் ஏற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பலாம்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு நாணய பேட்டரிகள், சீக்கிரம் தீரும். தீர்ந்தபின் கன்சோலைப் போடும்போதெல்லாம் ‘பீ...ப்’ என்று ஒரு நீண்ட ஓலம். சேமித்தவை அழியாது, ஆட்டமும் நிற்காது, அந்த ஓலம் மட்டும் நிற்காது. என்னிடம் உள்ள மூன்றும் ஒரே நேரத்தில் அலறும். பேட்டரி மாற்றலாம்தான். ஆனால் அந்தச் சத்தம் கேட்காவிட்டால் ஏதோ குறைகிறது.

கேம்கள் அவ்வளவு நன்றாக இருந்தனவா, அல்லது ரசிகர்கள் ஊதிப் பெருக்குகிறார்களா?

மொத்தக் கேள்விகளில் முக்கியமானது இதுதான். அப்போது ஆர்கேட் கூடங்களில் செகா கொடிகட்டிப் பறந்தது. அங்கே அது நிறுவிய நவோமி என்ற இயந்திரமும் ட்ரீம்காஸ்டும் உள்ளுக்குள் கிட்டத்தட்ட ஒரே வார்ப்பு. அதனால் கூடத்தில் நாணயம் போட்டு ஆடிய கிரேஸி டாக்ஸி அப்படியே வீட்டுக்கு வந்தது. நாம்கோ நிறுவனத்தின் சண்டை கேமான சோல் காலிபர் இன்னொரு படி மேலே: அதன் ஆர்கேட் இயந்திரம் பழைய வகை என்பதால், வீட்டுக்கு வந்த பிரதி மூலத்தைவிட அழகாக இருந்தது. அதுவரை ‘வீட்டுப் பிரதி’ என்றாலே சாயம்போன நகல் என்றுதான் பொருள்.

அடுத்து, துணிச்சல். ஜெட் செட் ரேடியோவில் உருவங்களைக் கனத்த கோடும் தட்டையான வண்ணமுமாக வரைந்து, கார்ட்டூன் நேரில் ஓடுவதுபோல் காட்டினார்கள். சீமேன் என்று ஒன்று: மனித முகம் கொண்ட மீனோடு மைக்கில் பேச வேண்டும், அது உங்களைச் சீண்டும். சாம்பா டி அமிகோவுக்கு இரண்டு கைகளிலும் கிலுகிலுப்பை பிடித்து ஆட்ட வேண்டும். வியாபாரக் கணக்கு மட்டும் பார்ப்பவர்கள் இவற்றில் ஒன்றுக்கும் அனுமதி தந்திருக்கமாட்டார்கள்.

யு சுசுகி உருவாக்கிய ஷென்மூவைத் தனியாகச் சொல்ல வேண்டும். கதைக்களம் 1986ஆம் ஆண்டின் யோகொசுகா நகரம். அந்த ஆண்டு அங்கே உண்மையில் அடித்த வெயிலையும் பெய்த பனியையும் அப்படியே கேமுக்குள் வரவைக்க ஒரு வசதி உண்டு. வீட்டில் ஒவ்வொரு மேசை இழுப்பறையையும் திறந்து, உள்ளே கிடக்கும் பொருளைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். அப்பாவைக் கொன்றவனைத் தேடும் இளைஞன், நடுவே துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலைக்குப் போகிறான். நீங்களும் தினமும் பெட்டி சுமக்கிறீர்கள். சிலருக்கு இது மகா அலுப்பு. எனக்கு அந்தத் துறைமுகத்தின் ஒவ்வொரு கிடங்கும் இன்னும் அத்துப்படி.

கன்ட்ரோலரையுமா ரசிகர்கள் பாராட்டுகிறார்கள்?

பாராட்டுபவர்களை நம்பாதீர்கள். கட்டைவிரலால் எந்தப் பக்கமும் சாய்க்கும் அனலாக் குச்சி ஒன்றே ஒன்று. கம்பி வேறு உங்கள் வயிற்றை நோக்கி வரும். விரல் விசைகள் அருமை, குச்சிக்குள் காந்தத்தை வைத்து நகர்வை உணரும் அமைப்பும் நீண்டகாலம் உழைக்கிறது. அவ்வளவே. டிஸ்க் ஓடும் சத்தமும் காப்பி மில் அரைப்பதுபோல் இருக்கும்.

இதெல்லாம் சின்ன வயது ஞாபகத்தின் மயக்கம்தானே?

மயக்கம் உண்டு. ஆயுள் குறைவு என்பதும் ட்ரீம்காஸ்டுக்குச் சாதகமாகிவிட்டது: ஐந்தாறு ஆண்டு கிடந்து நோஞ்சானாகிப் போகவில்லை, குப்பைக் கேம்கள் குவிய நேரமில்லை. இளமையிலேயே போனவரின் படம் சுவரில் என்றும் இளமையாகத்தானே இருக்கும்?

ஆனால் மயக்கம் மட்டும் காரணமென்றால், தோற்ற எல்லாக் கன்சோல்களுக்கும் இதே மரியாதை கிடைத்திருக்க வேண்டும். நின்டெண்டோவின் வர்ச்சுவல் பாய் 1995இல் வந்து ஓராண்டுக்குள் ஓய்ந்தது. சிவப்பும் கறுப்புமாகப் படம் காட்டித் தலைவலி தந்த கருவியாகவே அதை நினைக்கிறார்கள். 1993இல் 699 டாலருக்கு வந்த 3டிஓவை விலைக்காக நினைக்கிறார்கள். ட்ரீம்காஸ்டை அதன் கேம்களுக்காக நினைக்கிறார்கள். 2015இல் ஷென்மூவின் மூன்றாம் பாகத்துக்காகக் கையேந்தியபோது ரசிகர்கள் தந்தது 63 லட்சம் டாலருக்கும் மேல். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நின்றுபோன கதை அது. மயக்கத்துக்கு அவ்வளவு பணம் எடுக்கக் கை வருமா?

கடைசி நாட்களில் செகாவுக்குள் என்ன நடந்தது?

தலைவர் இசாவோ ஒகாவா பெரும் செல்வந்தர். செகா நொடிந்தபோது தன் சொந்தப் பணத்தைக் கடனாகக் கொடுத்து வந்தவர். கன்சோல் தொழிலை விட்டுவிட்டுப் பிற கன்சோல்களுக்குக் கேம் மட்டும் செய்வது என்ற முடிவு அவர் காலத்தில்தான் எடுக்கப்பட்டது. 2001 மார்ச் 16 அன்று அவர் இறந்தார். அதற்கு முன் செகா தனக்குத் தர வேண்டிய கடனைத் தள்ளுபடி செய்து, ஏறத்தாழ 69.5 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்று செகா என்ற பெயர் இருப்பதே அதனால்தான். அவர் இறந்து இரண்டு வாரத்தில் ட்ரீம்காஸ்ட் உற்பத்தி நின்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் சோனிக், பரம எதிரியான நின்டெண்டோவின் கேம்க்யூபில் ஓடிக்கொண்டிருந்தான்.

இன்னும் புது கேம்கள் வருகின்றன என்பது நம்பும்படியாக இல்லையே?

வருகின்றன. ஜப்பானில் அதிகாரபூர்வமாகவே 2007 வரை வந்தன. அதன்பின் சிறு குழுக்களும் தனியாட்களும் தயாரித்து, டிஸ்க்கில் எழுதி, அட்டைப்படத்தோடு விற்கிறார்கள். எப்படி முடிகிறது? திருட்டு நகல் கேள்வியில் சொன்ன அதே பின்வாசல்தான். சாதாரண குறுவட்டை ஏற்றுக்கொள்ளும் கன்சோல் என்பதால், செகாவின் அனுமதியோ சிறப்புக் கருவியோ யாருக்கும் தேவைப்படவில்லை. கல்லிஸ்டி ஓஎஸ் என்ற இலவச நிரல் தொகுப்பு இருக்கிறது. அதை வைத்து யாரும் எழுதலாம்.

2024இல் ரசிகர்கள் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3 கேமை இதில் ஓடவைத்தார்கள். 2001இல் பிளேஸ்டேஷன் 2-ஐத் தூக்கி நிறுத்திய கேம் அது. பழி தீர்க்க இருபத்து மூன்று ஆண்டு ஆனாலும் பரவாயில்லை என்று இருந்திருக்கிறார்கள்.

இப்போது பழையது ஒன்று வாங்கினால் ஓடுமா?

ஓடும், கொஞ்சம் கவனிப்பு வேண்டும். ஆட்டத்தின் நடுவே தானாக அணைந்து மீண்டும் தொடங்கினால் பயப்படாதீர்கள். மின்வழங்கிப் பலகையைத் தாங்கும் ஊசிகளில் களிம்பு ஏறியிருக்கும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பலகையைக் கழற்றி, ஊசிகளைத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். ஒவ்வொரு முறையும் தேதி கேட்டால் உள்ளே கடிகார பேட்டரி செத்துவிட்டது. டிஸ்க் படிக்கும் லேசர் தேய்ந்தவர்கள், அந்தப் பகுதியையே எடுத்துவிட்டு எஸ்டி கார்டிலிருந்து கேம் படிக்கும் பலகையைப் பொருத்துகிறார்கள். காப்பி மில் சத்தமும் போய்விடும்.

பழைய மோடம்கூட வீணில்லை. தொலைபேசி நிலையம்போல் நடிக்கும் ஒரு குட்டிக் கணினியை அதனோடு இணைத்து, ரசிகர்கள் நடத்தும் சர்வர்களில் ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைன் இன்றும் ஆடப்படுகிறது.

கணினியில் எமுலேட்டர் போட்டு ஆடினால் போதாதா?

தாராளமாக. எமுலேட்டர் என்பது கன்சோல்போல் நடிக்கும் கணினி நிரல்; அவற்றில் ஃப்ளைகாஸ்ட், ரீட்ரீம் இரண்டும் நன்றாக ஓடுகின்றன. படம் அசலைவிடத் தெளிவு. கிலுகிலுப்பையும் நெஞ்சில் செருகும் குட்டித் திரையும் இருக்காது.

இன்னும் இரண்டு வருடம் தாக்குப்பிடித்திருந்தால் ஜெயித்திருக்குமா?

ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வரும் இடம் இது. ஜெயித்திருக்காது என்பது என் கட்சி. பிளேஸ்டேஷன் 2 பின்னால் நின்றது சோனி; தொலைக்காட்சியும் இசையும் விற்கும் பெருநிறுவனம். அடுத்து வந்த எக்ஸ்பாக்ஸில் மைக்ரோசாஃப்ட் ஆண்டுக்கணக்கில் நட்டத்தைத் தாங்கியது. செகாவிடம் இருந்தது ஒகாவாவின் சொந்தப் பணம் மட்டுமே. இரண்டு வருடம் நீடித்திருந்தால் கன்சோலோடு செகாவும் போயிருக்கும்.

சரி, ஆடிப் பார்க்கிறேன். எதில் தொடங்கட்டும்?

ஷென்மூ வேண்டாம்; அதற்குப் பொறுமை பழக வேண்டும். கிரேஸி டாக்ஸி போடுங்கள். சாலையோரத்தில் கையாட்டும் ஒருவரை ஏற்றிக்கொள்ளுங்கள், தலைக்கு மேல் பச்சை அம்பு வழி காட்டும், போக்குவரத்து விதிகளை மறந்துவிடுங்கள். முதல் ஆட்டம் ஒரு நிமிடத்தில் முடிந்துபோகும். இரண்டாவது ஆட்டத்துக்கு விரல் தானாகப் பொத்தானுக்குப் போனால், வி.எம்.யூ.வுக்குப் பேட்டரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.